பொறியியல் கல்லூரியிலிருந்து சட்டக் கல்லூரி நூலகத்துக்கு வந்திருக்கிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

தாமிரபரணி வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நூலக அறிவியலில் முதுகலை முடித்து, இதுநாள்வரை ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் இருந்துவிட்டு, இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியின் நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். பகுப்பாக்கம், பட்டியலாக்கம், இருப்புச் சரிபார்ப்பு எல்லாம் எனக்குப் பழகிய வேலைகள்தாம். ஆனால் இங்கே அலமாரிகளில் பாதியை நிறைத்திருக்கும் தீர்ப்புத் தொகுப்புகள் நான் அதுவரை கையாண்ட நூல்களைப் போல இல்லை. ஆசிரியர் பெயர் கிடையாது. வரிசை முழுவதற்கும் ஒரே தலைப்பு. முதுகில் ஆண்டும் தொகுதி எண்ணும் மட்டுமே பொறித்திருக்கிறது.

அண்மையில் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் ‘ஏஐஆர் 1978 எஸ்சி 597’ வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்ற மாணவி ‘(1978) 1 எஸ்சிசி 248’ கேட்டார். இரண்டு தொகுதிகளையும் மேசையில் விரித்து வைத்த பிறகே, இரண்டும் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரே தீர்ப்பு என்பது எனக்குத் தெரிந்தது. மாணவர்களுக்கு முன்னால் இப்படி நிற்கக் கூடாது என்பதால், இந்தத் துறையை முறையாகக் கற்க விரும்புகிறேன்.

இதில் அவசரமும் உண்டு. 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால், பழைய தண்டனைச் சட்டம், குற்ற விசாரணை முறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் உரைநூல்களைக் கழித்துவிட்டு இடத்தைக் காலி செய்யலாம் என்று நிர்வாகம் கருதுகிறது. இணையத் தரவுத்தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டிவிட்டு அச்சில் வரும் தீர்ப்பு இதழ்கள் அனைத்தையும் நிறுத்திவிடலாம் என்பது இன்னொரு யோசனை. அடுத்த நூலகக் குழுக் கூட்டத்தில் இரண்டைப் பற்றியும் நான் கருத்துச் சொல்லியாக வேண்டும்.

மேலும், கல்லூரி ஊருக்குள் இருப்பதால் வெளியாட்களும் வருகிறார்கள். ‘என் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார், எந்தச் சட்டத்தில் கேஸ் போடலாம்?’ என்று நேராகவே கேட்கிறார்கள். எதுவரை சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாரிமுனை

வணக்கம் அம்மா. உயர் நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் சங்க நூலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் சொல்லும் மேனகா காந்தி சங்கதியே இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரே தீர்ப்பு பல தொகுப்புகளில் ஏன் வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1875இல் இந்தியச் சட்ட அறிக்கைகள் சட்டம் வந்தது. அரசின் அதிகாரத்தின்கீழ் வெளியாகும் தொகுப்பைத் தவிர வேறு எதையும் மேற்கோளாகக் கேட்க எந்த நீதிமன்றமும் கடமைப்பட்டதல்ல என்று அதன் 3ஆம் பிரிவு சொன்னது. அதையொட்டி 1876 முதல் சென்னை, பம்பாய், கல்கத்தா, அலகாபாத் எனத் தனித்தனி வரிசைகளாக ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. உங்கள் அலமாரியில் ‘ஐஎல்ஆர் மெட்ராஸ்’ என்று இருப்பது அதுதான். அதிகாரபூர்வமான தொகுப்பு நிதானமாக வரும். வழக்கறிஞருக்கோ நேற்று வந்த தீர்ப்பு இன்றே வேண்டும். மேலும், அதிகாரபூர்வத் தொகுப்பு விட்டுவிட்ட தீர்ப்புகளும் தேவைப்பட்டன. அந்த இடைவெளியில் வளர்ந்தவைதாம் தனியார் இதழ்கள். ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ 1891இலும், நாக்பூரிலிருந்து வரும் ‘ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்’ (ஏஐஆர்) 1914இலும் தொடங்கின. உச்ச நீதிமன்றம் வந்ததும் அதன் அதிகாரபூர்வத் தொகுப்பான எஸ்சிஆர் (சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்) 1950 முதலும், லக்னோவிலிருந்து தனியார் இதழான எஸ்சிசி (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) 1969 முதலும் வரத் தொடங்கின. தனியார் இதழ்களை மேற்கோளாக ஏற்க நீதிமன்றங்கள் தயங்கியதே இல்லை என்பதால், 3ஆம் பிரிவு நடைமுறையில் ஏட்டளவில் நின்றுவிட்டது என்பது என் கருத்து.

ஆகவே ஒரு தீர்ப்புக்குப் பல முகவரிகள் இருக்கும். கேசவானந்த பாரதி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏஐஆர் 1973 எஸ்சி 1461; (1973) 4 எஸ்சிசி 225; 1973 சப்ளிமெண்ட் எஸ்சிஆர் 1. ஏஐஆரில் ஆண்டு, நீதிமன்றம், பக்கம் என்ற வரிசை. எஸ்சிசியில் ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது தொகுதி, பக்கம். பழைய ஐஎல்ஆரில் ஆண்டே இல்லாமல் தொடர் தொகுதி எண் மட்டும் இருக்கும். ‘ஐஎல்ஆர் 40 மெட்ராஸ்’ என்றால் 1940ஆம் ஆண்டு என்று எண்ணி அலமாரியைத் துழாவும் மாணவர்களை நீங்கள் விரைவில் சந்திப்பீர்கள். ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குப் போக உதவும் ஒப்பீட்டு அட்டவணைகள் அச்சிலேயே உண்டு. உங்கள் நூலகத்தில் அவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அவற்றை உள்ளே அலமாரியில் வைக்காமல் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கின் பெயர் இன்னொரு சிக்கல். ‘செண்பகம் துரைராஜன் வழக்கு’ என்று கேட்டு வருவார்கள். இடஒதுக்கீட்டு ஆணையைச் செல்லாததாக்கி, அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கே காரணமான 1951ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. பெயர் அட்டவணையில் ‘செ’ வரிசையில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் மேல்முறையீடு செய்தது சென்னை மாகாண அரசு. ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ என்ற தலைப்பின்கீழ்ப் போக வேண்டும். ஏஐஆர் 1951 எஸ்சி 226 என்ற பக்கத்தில் இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஏ.கே. கோபாலன் வழக்கில் மனுதாரர் கோபாலன், எதிர்மனுதாரர் சென்னை அரசு. அதனால் அது கோபாலன் பெயரிலேயே கிடைக்கும். இப்படி மாணவர்கள் வாய்வழக்காகச் சொல்லும் வழக்குப் பெயர்களுக்கு ஒரு சிறு நோட்டுப் போட்டு, அருகே முகவரிகளை எழுதி வாருங்கள். ஓராண்டில் அதுவே உங்கள் நூலகத்தில் அதிகம் புரட்டப்படும் புத்தகமாகிவிடும்.

கட்டமைப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்தப் பாடத்திட்டத்திலும் சொல்லித்தருவதில்லை. ஏஐஆரின் மாத இதழ் உள்ளே பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும்: கட்டுரைப் பகுதி, உச்ச நீதிமன்றப் பகுதி, பிறகு உயர் நீதிமன்றப் பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் பக்க எண் தனியாக ஓடும். ஜனவரி இதழில் உச்ச நீதிமன்றப் பகுதி எந்தப் பக்கத்தில் நின்றதோ அதற்கடுத்த பக்கத்தில் பிப்ரவரியில் தொடரும். ஆண்டு முடிந்ததும் இதழ்களைப் பிரித்து, உச்ச நீதிமன்றப் பக்கங்களை மட்டும் ஒன்றாகவும் உயர் நீதிமன்றப் பக்கங்களை நீதிமன்றவாரியாகவும் சேர்த்துத்தான் பைண்டிங் செய்ய வேண்டும். விவரம் தெரியாத பைண்டர் ஜனவரி முதல் டிசம்பர் வரை அப்படியே அடுக்கித் தைத்துவிட்டால், 1461ஆம் பக்கத்தைக் கண்டுபிடிக்க எல்லா மாதங்களையும் புரட்ட வேண்டியிருக்கும். ஒரு நூலகத்தில் அடுத்தடுத்துப் பல ஆண்டுத் தொகுதிகள் இப்படித் தைக்கப்பட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மறுபடி பிரித்தால் தாள் கிழியும் என்பதால் அவற்றை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். பைண்டரிடம் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே உட்கார்ந்து பிரித்து, பகுதி பகுதியாகக் கயிறு கட்டிக் கொடுங்கள்.

மதுரை வக்கீல்

பெரியவர் தீர்ப்புகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். நூலகத்தைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் நான் சட்ட நூல்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சகோதரி, பழைய குற்றவியல் நூல்களைக் கழிக்க எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனுடன் வந்த மற்ற இரண்டு சட்டங்களும் நடைமுறைக்கு வந்த நாள் 2024 ஜூலை 1. அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமே பொருந்தும். குற்றம் நடந்தபோது எந்தச் சட்டம் நடைமுறையில் இருந்ததோ அதன்படியே ஒருவரைத் தண்டிக்கலாம் என்பது அரசமைப்பின் 20ஆவது உறுப்பு. அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த விசாரணைகளும் மேல்முறையீடுகளும் 1973ஆம் ஆண்டு முறைச் சட்டத்தின்படியே தொடரும் என்று புதிய முறைச் சட்டத்தின் 531ஆவது பிரிவு சொல்கிறது. மேல்முறையீடுகள் எத்தனை காலம் நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே இன்று முதலாண்டில் சேரும் மாணவர் வழக்கறிஞராகிப் பல ஆண்டுகள் ஆன பின்பும் பழைய சட்டத்தில் வாதாட வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நூற்று அறுபது ஆண்டுத் தீர்ப்புகள் எல்லாம் பழைய பிரிவு எண்களில்தான் பேசுகின்றன. புதிய எண்களோ பழையவற்றோடு மோதுகின்றன. 144 என்றால் தடை உத்தரவு என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புதிய முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144 என்பது மனைவி, குழந்தைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சப் பிரிவு, தடை உத்தரவு 163க்குப் போய்விட்டது. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய 482 முன்ஜாமீன். பழைய முன்ஜாமீன் 438. பழைய உள்ளார்ந்த அதிகாரம் இப்போது 528. தேடல் பெட்டியில் வெறுமனே ‘482’ என்று தட்டும் மாணவருக்கு இரண்டும் கலந்து வரும். பழைய பிரிவுக்கு நேராகப் புதிய பிரிவைக் காட்டும் அட்டவணை ஒன்றை நூலக வாசலிலேயே ஒட்டி வையுங்கள்.

நூலகரிடம் வழக்கறிஞர் உண்மையில் எதிர்பார்ப்பது, குறிப்பிட்ட ஒரு நாளில் சட்டம் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் தாள். சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு அதன் பெயரிலேயே இருக்கும். நடைமுறைக்கு வந்த நாள் பெயரில் இருக்காது. நம் மாநிலத்தின் வீட்டு வாடகைச் சட்டம் 2017ஆம் ஆண்டுச் சட்டம் என்றுதான் பெயர், நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. இடைப்பட்ட காலத்தில் தொடுக்கப்பட்ட வழக்குக்கு 1960ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். சில நேரங்களில் ஒரே பிரிவுக்குள் ஒரு பகுதி வரும், ஒரு பகுதி வராது. நியாய சன்ஹிதாவை நடைமுறைக்குக் கொண்டுவந்த அறிவிக்கையிலேயே, விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பி ஓடுவது தொடர்பான 106ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு விலக்கி வைக்கப்பட்டது. கடையில் விற்கும் பேர் ஆக்ட் (சட்ட வாசகம் மட்டும் உள்ள) புத்தகத்தில் அந்த உட்பிரிவு மற்றவற்றைப் போலவே அச்சாகியிருக்கும். அடிக்குறிப்பைப் படிக்காதவர் அது நடைமுறையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார். அதனால் அரசிதழ் அறிவிக்கைகளைச் சேர்த்து வைப்பது உங்கள் முக்கியமான வேலைகளில் ஒன்று என்பேன். மத்திய அரசிதழும், சட்டங்களின் வாசகத்தைத் தரும் ‘இந்தியா கோட்’ தளமும் இணையத்தில் இலவசம். இருந்தாலும் அடிக்கடி கேட்கப்படும் சட்டங்களுக்கு, நடைமுறைக்கு வந்த அறிவிக்கையை அச்செடுத்து அந்தப் புத்தகத்தின் முகப்பிலேயே ஒட்டிவிடுங்கள்.

பழைய ‘மெட்ராஸ் ஆக்ட்’ புத்தகங்களையும் பெயரைப் பார்த்துக் கழித்துவிடாதீர்கள். 1969இல் மாநிலத்தின் பெயர் மாறியபோது சட்டங்களின் பெயரும் மாற்றியமைக்கப்பட்டது. 1959இல் சென்னைச் சட்டமாக வந்த அறநிலையத் துறைச் சட்டம் இன்று தமிழ்நாடு சட்டம் 22/1959. அட்டையில் பழைய பெயர் இருந்தாலும் உள்ளே உயிரோடிருக்கும் சட்டமாக இருக்கலாம்.

தாமிரபரணி வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. ஏஐஆர் பைண்டிங் பற்றிப் படித்தவுடன் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். நல்ல வேளையாக, எங்கள் முன்னோர் சரியாகவே பிரித்துத் தைத்திருக்கிறார்கள். பழைய நூல்கள் விஷயத்தில் இனி எனக்குத் தயக்கமில்லை. தரவுத்தளம் பற்றி யாராவது சொல்ல வேண்டும். இலவசத் தளங்களிலேயே எல்லாத் தீர்ப்புகளும் கிடைக்கும்போது சந்தாவே எதற்கு என்று ஒரு பேராசிரியர் கேட்கிறார். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலே போதும் என்கிறார்கள் மாணவர்கள்.

மின்னூலகன்

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் மின்வளங்களைக் கவனிப்பவன் நான். பேராசிரியரின் கேள்வி நியாயமானது, அதற்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது.

எஸ்சிசியை வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் டி.பி. மோடக் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2007 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. (2008) 1 எஸ்சிசி 1. நீதிபதி எழுதிய தீர்ப்பின் மூல வாசகத்துக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதை மறுவெளியீடு செய்ய அனுமதிக்கிறது. ஆனால் பதிப்பாளர் தம் உழைப்பாலும் தீர்மானத்தாலும் சேர்த்தவை, அதாவது தலைக்குறிப்பு (தீர்ப்பின் சாரத்தை அதன் தொடக்கத்தில் தருவது), அடிக்குறிப்பு, பத்திகளைப் பிரித்து எண்ணிட்ட முறை, எந்த நீதிபதி உடன்பட்டார், யார் மாறுபட்டார் என்று காட்டும் குறிப்பு போன்றவை அவருக்குரியவை. நாம் சந்தாவாகக் கட்டும் பணம் இந்தச் சேர்க்கைகளுக்காகத்தான். இவற்றோடு, ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்பு ஏற்றது, எது வேறுபடுத்தியது, எது தவறென்று தள்ளியது என்ற பின்வரலாறும் கட்டணத் தளங்களில் ஒழுங்காகக் கிடைக்கும். தள்ளப்பட்ட தீர்ப்பை நீட்டுவதைவிட நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்பதே மேல் என்பார்கள்.

மூல வாசகம் மட்டும் போதுமென்றால் இலவசமே போதும். 2008இல் தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ தளம் தேடுவதற்கு எளிது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இ-எஸ்சிஆர் திட்டத்தைத் தொடங்கி, 1950 முதலான தன் அதிகாரபூர்வத் தொகுப்பை எல்லாருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அது தலைக்குறிப்போடு கூடிய அதிகாரபூர்வப் பதிப்பு என்பதால், எஸ்சிஆரின் அச்சுத் தொகுதிகளுக்கு இனிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பேன். அதே 2023இல் உச்ச நீதிமன்றம் பதிப்பாளரைச் சாராத பொது மேற்கோள் எண்ணையும் கொண்டுவந்தது: ஆண்டு, பிறகு ‘ஐஎன்எஸ்சி’, பிறகு வரிசை எண். இந்த எண்ணும் பத்தி எண்ணும் இருந்தால் எந்தப் பதிப்பில் வேண்டுமானாலும் அதே இடத்துக்குப் போய்விடலாம். பாரிமுனை ஐயா சொன்ன பல முகவரித் தொல்லை இனி வரும் தீர்ப்புகளுக்குக் குறையும். பழைய நூல்களும் பழைய தீர்ப்புகளும் பழைய முகவரிகளையே பேசும் என்பதால் மறையாது.

சந்தா எடுப்பதானால், விற்பனையாளரிடம் விலைக்கு முன்னால் வேறு சிலவற்றைக் கேளுங்கள். வளாகம் முழுவதும் திறக்குமா, பயனர் பெயர் கொடுத்தவர் மட்டும் நுழையலாமா, ஒரே நேரத்தில் எத்தனை பேர், விடுதியிலிருந்து பார்க்கலாமா, மாதாந்திரப் பயன்பாட்டுக் கணக்குத் தருவார்களா, சந்தா நின்றால் அதுவரை கட்டிய ஆண்டுகளின் உள்ளடக்கம் நம்மிடம் இருக்குமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ‘இருக்காது’ என்பதே பதில். அச்சு இதழை நிறுத்தினால் பழைய தொகுதியாவது அலமாரியில் நிற்கும். தரவுத்தளச் சந்தாவை நிறுத்திய மறுநாள் ஒன்றும் நிற்காது. இதைக் குழுவில் அழுத்திச் சொல்லுங்கள். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், சட்டக் கல்லூரி நூலகத்தில் ஏஐஆர் மேனுவல், மத்திய மாநிலச் சட்டங்கள், எஸ்சிசி, கிரிமினல் லா ஜர்னல் போன்றவையும், இதழ்களின் குறைந்தது பத்து ஆண்டுப் பழைய தொகுதிகளும் இருக்க வேண்டும் என்று சொல்வதையும் எடுத்துக்காட்டலாம். ஆய்வுக்கு வருபவர்கள் கையில் அந்த அட்டவணை இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரே ஒரு வழக்கை மாணவர்களுக்குச் சொன்னால் போதும். நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிராக மாத்தா என்பவர் தொடுத்த வழக்கில், அவருடைய வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி உருவாக்கிக் கொடுத்த, உலகத்தில் எங்குமே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். முகவரி மிகச் சரியான வடிவத்தில் இருப்பதாலேயே தீர்ப்பும் இருக்கிறது என்று பொருளாகாது. நுண்ணறிவு எதைக் கொடுத்தாலும், அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தில் அந்த வழக்குதான் இருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சியை முதலாண்டிலேயே நூலகத்தில் வைத்து நடத்துங்கள். எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் வேண்டுமென்றே சில பொய் முகவரிகளைக் கலந்து கொடுப்போம்; அவர்கள் இதைத்தான் மிகவும் ரசிக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கங்களும் அதன் தளத்தில் கிடைக்கின்றன; 2019 நவம்பரில் வந்த ‘சுவாஸ்’ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் இந்த முயற்சிக்கு உதவுகிறது. தமிழ்வழி மாணவர்களுக்குப் புரிந்துகொள்ள உதவும். மேற்கோள் காட்டும்போது ஆங்கில மூலத்துக்கே போக வேண்டும், ஏனென்றால் அதிகாரபூர்வமானது அதுதான்.

கொங்கு நூலகி

வெளியாட்கள் பற்றிய உங்கள் கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். பொதுமக்கள் நாள்தோறும் வந்துபோகும் நூலகம் எங்களுடையது.

சட்டத் தகவல் வேறு, சட்ட ஆலோசனை வேறு. ‘நில ஆக்கிரமிப்புப் பற்றிய நூல்கள் எங்கே இருக்கின்றன, இந்தச் சட்டத்தின் தற்போதைய வாசகம் எது, இந்தச் சொல்லுக்கு விளக்கம் எந்தப் பிரிவில் இருக்கிறது’ என்பதெல்லாம் தகவல், தாராளமாகக் கொடுக்கலாம். ‘உங்கள் நிலைமைக்கு இந்தப் பிரிவுதான் பொருந்தும், இப்படி மனு எழுதுங்கள், காலக்கெடு தாண்டவில்லை’ என்று சொல்லத் தொடங்கினால் அது ஆலோசனை. வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையை 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பதிவுபெற்ற வழக்கறிஞர்களுக்கே தந்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையிலும் அவர் சொல்லும் கதை பாதிதான் இருக்கும். நாம் நம்பிக்கையோடு ஒரு பிரிவைக் காட்டி, அவர் அதை நம்பிக் காலத்தைக் கடத்திவிட்டால், இழப்பு அவருடையது.

அதற்காகக் கையை விரித்து அனுப்பிவிடவும் கூடாது. நான் செய்வது இது: சட்டத்தின் வாசகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் போன்றோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமலேயே இலவச உதவி பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ‘எனக்கு வசதி இருக்கிறது, எனக்கெல்லாம் தரமாட்டார்கள்’ என்று எண்ணித் திரும்பிப்போகும் பெண்கள் ஏராளம். 15100 என்ற உதவி எண்ணையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் கல்லூரியில் சட்ட உதவி மையம் இயங்கினால், அதன் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, எந்த நாளில் யாரை அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பகுப்பாக்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், பொறியியல் நூலகத்திலிருந்து வருபவர்கள் வழக்கமாகச் செய்வது என்பதால் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் டியூவி தசமப் பகுப்பு எண்ணுக்குள் அடைக்க முயலாதீர்கள். உரைநூல்களுக்கும் பாடநூல்களுக்கும் அது சரிப்படும்: இந்திய அரசமைப்புக்கு 342.54, இந்தியக் குற்றவியல் சட்டத்துக்கு 345.54 என்று போகலாம். தீர்ப்புத் தொகுப்புகளுக்குப் பொருள்வாரிப் பகுப்பு பொருந்தாது. ஒரே தொகுதிக்குள் கொலை வழக்கும் வருமான வரியும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். அவற்றைத் தொகுப்பின் பெயர்வாரியாகப் பிரித்து, உள்ளே ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் தம் கோலன் பகுப்பில் சட்டத்துக்கு ‘இசட்’ என்ற கடைசி எழுத்தை ஒதுக்கினார். அந்த முறையைப் பின்பற்றும் பழைய நூலகம் ஏதாவது உங்கள் பக்கத்தில் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், தீர்ப்புத் தொகுப்புகளை அவர்களும் தனியாகத்தான் வைத்திருப்பார்கள்.

பாரிமுனை

மின்னூலகன் தம்பி சொன்னதில் ஒரு சிறு மாறுபாடு. எஸ்சிஆர் அச்சை நிறுத்தலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் நம் உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளுக்கு அதே வாதம் செல்லாது. இலவசத் தளங்களில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் முழுமையாக இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தின் பழைய காலத் தீர்ப்புகளில் விடுபட்டவை பல. ‘மெட்ராஸ் லா ஜர்னல்’, ‘மெட்ராஸ் வீக்லி நோட்ஸ்’, ‘லா வீக்லி’ ஆகியவற்றின் பழைய தொகுதிகளைப் புரட்டினால்தான் கிடைக்கும் என்ற நிலை இன்னும் இருக்கிறது. சொத்து, வாரிசுரிமை, கோயில் வழக்குகளில் அந்தக் காலத் தீர்ப்புகள் இன்றைக்கும் வேண்டியிருக்கின்றன.

எனவே அம்மா, குழுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு கணக்கெடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் எந்த ஆண்டு, எந்தத் தொகுதி விடுபட்டிருக்கிறது என்று எழுதி, அந்த ஆண்டுகள் இலவசமாகவோ சந்தாத் தளத்திலோ கிடைக்கின்றனவா என்று நேர் எதிரே குறியுங்கள். இரண்டிலும் கிடைக்காத தொகுதிகளுக்கு மட்டும் பணம் கேளுங்கள். தொழிலை விட்ட மூத்த வழக்கறிஞர்களின் குடும்பத்தார் வீட்டு நூலகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எடைக்குப் போடும் நிலையில் இருப்பார்கள். உங்கள் ஊர் வழக்கறிஞர் சங்கத்தில் சொல்லி வைத்தால் தேடும் தொகுதி பெரும்பாலும் அங்கிருந்தே வந்துவிடும். வாங்கும்போது கரையான் அரித்திருக்கிறதா என்று மட்டும் வாசலிலேயே பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள்.